அவனே இவன்: கோப்பின் ஹாஷும் ஊவாத் தோட்டத்து ஆளும்

நேற்றுக் கண்ட பொருளை இன்று மீண்டும் கண்டு 'அதுவே இது' என்று துணிகின்ற அறிவு எதன் பலத்தில் நிற்கிறது என்பது, இந்தியத் தத்துவ மரபுகள் நூற்றாண்டுக் கணக்கில் வழக்காடி வந்த கேள்வியாகும். தருக்க நூலார் இவ்வறிவுக்குப் பிரத்தியபிஞ்ஞை என்று பெயரிட்டு, முன்பு ஓரூரில் கண்ட தேவதத்தனை வேறோரூரில் கண்டு 'அவனே இவன்' என்று தெளிவதை அதற்கு எடுத்துக்காட்டாக வைத்தனர். எல்லாப் பொருளும் கணந்தோறும் தோன்றி அழிகின்றன என்று கொண்ட பௌத்தர், ஒன்றுபோல் ஒன்று இடையறாது தொடர்ந்து வருவதைக் கண்டே உலகம் 'அவனே' என்கிறது, நிலைத்த ஒன்று அங்கே இல்லை என்றனர். சைவ சித்தாந்திகளோ, நேற்றுக் கண்டவனும் இன்று நினைப்பவனும் ஒருவனாக இல்லாவிட்டால் அந்தத் தெளிவே பிறக்காது என்று மறுத்தனர்.

இவ்விரு மரபுகளும் ஊவாவில் அண்டை அயலாக வாழ்கின்றன: பதுளை நகரில் முதியங்கணை விகாரையும், சுற்றியுள்ள பசறை, நமுனுகுல, தெமோதரை, அப்புத்தளைப் பகுதித் தோட்டங்களில் மாரியம்மன், முருகன் கோயில்களும் உள்ளன. அதே மண்ணில் இப்பழைய கேள்வி இன்று உலகியல் வடிவங்கள் இரண்டில் எழுகிறது. ஒன்று, பதுளையில் 2005ஆம் ஆண்டு நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் முதலிய இடங்களில் கணினி கற்போர் நாள்தோறும் கையாளும் திறந்த மூல மென்பொருளின் கோப்புகளை 'இது அதுவே' என்று அடையாளங்காணும் கேள்வி. மற்றது, தேயிலைத் தோட்டத் தொழிலாளி ஒருவர், தம் பத்திரங்களில் உள்ள பெயருக்குரியவர் தாமே என்று அலுவலகங்களில் மெய்ப்பிக்க வேண்டியிருக்கும் கேள்வி. முதலாவதற்குக் கணினியியல் கண்ட விடை மிகக் கூர்மையானது. அந்தக் கூர்மை எங்கிருந்து வருகிறது, எந்த எல்லையில் நின்றுவிடுகிறது என்று ஆராய்ந்தால், இரண்டாவதில் தலைமுறைகளாக நடந்துவரும் பிழையும் துலங்கும்.

பொதியும் கோப்பும்

திறந்த மூல மென்பொருள் என்பது, தன் மூல நிரலை எவரும் படிக்கவும் படியெடுக்கவும் திருத்தவும் மறுபடி வழங்கவும் உரிமை கொடுத்து வெளியிடப்படும் மென்பொருளாகும். கோப்புகள் பலவற்றை ஒன்றாகக் கட்டி, பெயரும் பதிப்பு எண்ணும் இட்டு வழங்கப்படும் தொகுதி பொதி எனப்படுகிறது. இலங்கையில் இவ்வகை ஆக்கங்களுள் பெயர் பெற்றது சகானா. 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், காணாமற்போனோர் பட்டியலையும் முகாம் விவரங்களையும் நிவாரணக் கோரிக்கைகளையும் தொகுப்பதற்காக இலங்கைத் தன்னார்வ நிரலர்கள் விரைந்து எழுதிய அம்மென்பொருள், பின்னர் பிற நாடுகளின் பேரிடர்களிலும் பயன்பட்டு, கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006ஆம் ஆண்டுக்குரிய சமூகப் பயன் விருதைப் பெற்றது. இத்தகைய ஆக்கம் எதுவும் முழுக்க முழுக்கப் புதிதாக எழுதப்படுவதில்லை. பிறர் எழுதிய கோப்புகள் இடம்பெயர்ந்து வந்து அதனுள் சேர்கின்றன. வந்த இடத்தில் பெயர் மாறுகின்றன, வேறு அடைவில் வைக்கப்படுகின்றன, சில வேளை ஓரிரு வரி திருத்தவும் படுகின்றன.

ஆகவே ஒரு பொதியின் பெயரும் பதிப்பு எண்ணும், அதனுள் இருப்பது இன்னது என்பதற்குப் போதிய சான்றாக மாட்டா. 2021 டிசெம்பரில், ஜாவா நிரல்கள் பலவற்றில் பயன்பட்டுவந்த லொக்4ஜே என்னும் பொதியில் பாரதூரமான பாதுகாப்புக் குறையொன்று வெளிப்பட்டபோது, பல நிறுவனங்களைத் திணறவைத்தது குறையைத் திருத்தும் வழியன்று, அப்பொதி தம்மிடம் எங்கெங்கே இருக்கிறது என்று கண்டறிவதுதான். வேறு பெயருடைய பொதிகளின் உள்ளே, பொதிக்குள் பொதியாக அது புதைந்து கிடந்தது.

பெயரை விட்டுவிட்டு உள்ளடக்கத்தையே அடையாளமாக்குவது இச்சிக்கலுக்குக் கண்ட விடை. குறியாக்கவியல் ஹாஷ் என்பது, எவ்வளவு நீளமான கோப்பையும் பைட் பைட்டாக வாங்கிக்கொண்டு, மாறாத நீளமுள்ள ஓர் எண்ணைத் தரும் கணிப்பு முறையாகும். இன்று பரவலாக வழங்கும் ஷா-256 என்னும் முறையில் அவ்வெண் 256 பிட்டுகள் கொண்டது. வழக்கமான பதின்ம முறையில் எழுதினால் ஏறத்தாழ 78 இலக்கங்கள் வரும். உள்ளடக்கம் மாறாதவரை, கோப்பின் பெயர் எதுவாயினும், எந்நாட்டுக் கணினியில் கணித்தாலும் அதே எண்ணே கிடைக்கும். ஒரு காற்புள்ளி மாறினாலும் முன்னதோடு எந்தச் சாயலும் இல்லாத வேறோர் எண் கிடைக்கும். எண்ணை வைத்துக்கொண்டு உள்ளடக்கத்தை மீட்கவோ, ஒரே எண்ணைத் தரும் இரண்டு உள்ளடக்கங்களை வேண்டுமென்றே ஆக்கவோ நடைமுறையில் இயலாது. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் எழுதிய கிட் என்னும் நிரல் மேலாண்மைக் கருவி கோப்புகளைப் பெயரால் அன்றி ஹாஷால் சேமிக்கிறது. பிரான்ஸ் நாட்டு இன்ரியா ஆய்வு நிறுவனம் 2016இல் வெளிப்படுத்திய சொஃப்ட்வெயார் ஹெரிட்டேஜ் காப்பகம், உலகின் பொது நிரல்களிலிருந்து திரட்டிய ஆயிரம் கோடிக்கும் மேற்பட்ட மூலக் கோப்புகளை, ஒவ்வோர் உள்ளடக்கத்தையும் ஒரு முறை மட்டும் வைத்து, இவ்வகை எண்களால் அடையாளப்படுத்துகிறது. பெயர் தெரியாத கோப்பொன்றின் ஹாஷைக் கணித்து அத்தகைய பட்டியலில் தேடினால், அது எந்தெந்தப் பொதிகளில் முன்பு காணப்பட்டது என்று தெரிந்துவிடுகிறது.

தன்னியல்பும் பொதுவியல்பும்

பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரின் சுபக்கம், இறை, உயிர், தளை பற்றிய விசாரணைக்குள் இறங்குமுன் அளவையை, அதாவது மெய்யறிவு பெறும் கருவிகளை, வரையறுக்கிறது. அங்கே ஒரு பொருளின் இயல்பு இரண்டாகப் பகுக்கப்படுகிறது: பிற இனப் பொருள்களிலிருந்தும் தன் இனத்துப் பிற பொருள்களிலிருந்தும் ஒன்றை ஒருசேரப் பிரித்துக் காட்டுவது தன்னியல்பு, பிற இனத்திலிருந்து பிரித்து, தன் இனத்தோடு சேர்த்துக் காட்டுவது பொதுவியல்பு. பசுவைப் பசு என்று அறிவிப்பது பொதுவியல்பு, இன்ன வீட்டு இன்ன பசு என்று அறிவிப்பது தன்னியல்பு.

இப்பகுப்பை வைத்து நோக்கினால் ஹாஷின் ஆற்றலும் குறையும் ஒரே இடத்தில் பிறப்பது தெரியும். அது தன்னியல்பை மட்டும் குறிக்கும் கருவி. பொதுவியல்பை அடியோடு அழித்துவிடுகிறது. ஓர் எழுத்து திருத்தப்பட்ட கோப்பும், அதனோடு எவ்வகை உறவும் இல்லாத கோப்பும் ஹாஷின் பார்வையில் ஒரே அளவு அந்நியமானவை. உறவு காண வேண்டியவர்கள் வேறு வழி தேட நேர்ந்தது: ஷ்லைமர், வில்கர்சன், ஐக்கன் ஆகிய மூவர் 2003இல் வெளியிட்ட முறையொன்று, கோப்பைச் சிறு சிறு துண்டுகளாக ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஹாஷ் கண்டு, அவற்றுள் சிலவற்றை விதிப்படி தெரிந்தெடுத்து ஒப்பிடுகிறது. முழுக் கோப்பில் இழந்த பொதுவியல்பைத் துண்டுகளின் தன்னியல்பிலிருந்து மீட்கும் முயற்சி என்று அதைச் சொல்லலாம்.

இந்தக் கண்டிப்பு எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்குத் தமிழ் எழுத்தே நல்ல சான்று. 'ஸ்ரீ லங்கா' என்ற சொற்களைத் தாங்கிய மொழிபெயர்ப்புக் கோப்பொன்றை எடுத்துக்கொண்டால், அதன் முதலெழுத்தைக் கணினியில் இரண்டு வழிகளில் உள்ளிடலாம்: ஸகரத்தை முதலாக வைத்துப் புள்ளியும் ரகர ஈகாரமும் சேர்ப்பது ஒன்று, 2005இல் யூனிக்கோட் தரத்தில் சேர்க்கப்பட்ட ஶகரத்தை முதலாக வைத்து அவ்வாறே சேர்ப்பது மற்றொன்று. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவமாகவே தோன்றுகின்றன. வாசிப்பவர் கண்ணுக்கும் செவிக்கும் வேறுபாடு இல்லை. ஹாஷுக்கோ அவை முற்றிலும் வேறான இரண்டு கோப்புகள். 'கொ' என்ற எழுத்தையும் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகளாக அமையவோ, இரண்டும் சேர்ந்த ஒரே குறியீடாக அமையவோ எழுதலாம். இதனை ஒன்றாக்கும் விதி யூனிக்கோட் தரத்தில் உண்டு. 'ஸ்ரீ' எழுத்தின் இரு வடிவங்களை ஒன்றாக்கும் விதி அங்கும் இல்லை. விண்டோஸ் கணினியில் வரி முடிவுக்கு இரண்டு பைட்டுகளும் லினக்ஸில் ஒன்றும் இடப்படுவதால், சொல் மாறாத கோப்புகூட இடம் மாறியதும் வேறு ஹாஷ் பெறுவதுண்டு.

மறுபுறத்தில், ஹாஷ் ஒன்றென்று காட்டுபவை பல வேளை உலக வழக்கில் ஒன்றல்ல. உள்ளே எதுவும் எழுதப்படாத வெற்றுக் கோப்புகள் பைதன் மொழிப் பொதிகளில் மிகுதி; இவ்வடைவு ஒரு நிரல் தொகுதி என்று அறிவிப்பது மட்டுமே அவற்றின் பணி. உலகின் வெற்றுக் கோப்புகள் அனைத்துக்கும் ஹாஷ் ஒன்றே. உரிம வாசகத்தைத் தாங்கிய கோப்பும் எண்ணற்ற பொதிகளில் ஓரெழுத்தும் மாறாமல் கிடக்கிறது. பண்புகள் அனைத்திலும் ஒத்தவை இரண்டாக இருக்க இயலாது என்று ஜெர்மானியத் தத்துவர் லைப்னிட்ஸ் வகுத்த கொள்கை ஹாஷின் கொள்கையே என்று சொல்லத் தோன்றும். ஆனால் எந்தப் பொதிக்குள் எப்பணிக்காக வைக்கப்பட்டது என்பதும் ஒரு பண்பானால், அப்பண்பு கோப்பின் உள்ளடக்கத்தில் இல்லை. ஹாஷ் 'இது என்ன' என்பதற்கு விடை தருகிறது. 'இது யாருடையது, எங்கிருந்து வந்தது' என்பதற்குத் தருவதில்லை.

அனுமானமும் அதன் முறிவும்

இரண்டு கோப்புகளின் ஹாஷ் ஒன்றாயிருப்பதைக் காண்பது காட்சி. அதிலிருந்து உள்ளடக்கமும் ஒன்றே என்று துணிவது அனுமானம். புகையைக் கண்டு நெருப்பை உணரும் பழைய எடுத்துக்காட்டில், புகை உள்ள இடமெல்லாம் நெருப்பு உண்டு என்ற விலகாத உடனிகழ்ச்சி அனுமானத்துக்கு உயிராக நிற்பதுபோல, ஹாஷ் ஒத்த இடமெல்லாம் உள்ளடக்கம் ஒக்கும் என்ற உடனிகழ்ச்சி இங்கே உயிராக நிற்கிறது. அந்த உடனிகழ்ச்சி கணித நோக்கில் முழுமையானதன்று. இயலக்கூடிய கோப்புகளுக்கு எல்லையில்லை, எண்களுக்கோ எல்லை உண்டு. எனவே ஒரே எண்ணைப் பகிரும் வேறுபட்ட கோப்புகள் இருந்தே தீரும். அவற்றைத் தேடிக் கண்டுபிடிக்க எவருக்கும் காலமும் ஆற்றலும் போதா என்பதே ஹாஷ் தரும் உறுதி.

அவ்வுறுதி வெளிப்படையாக முறிந்த நிகழ்வுகள் உண்டு. ரொனால்ட் ரிவெஸ்ட் 1991இல் அமைத்த எம்டி5 முறையில், ஒரே ஹாஷ் தரும் இரு வேறு உள்ளடக்கங்களைச் சீனக் கணித அறிஞர் வாங் சியாவ்யுன் குழுவினர் 2004இல் காட்டினர். 2017 பெப்ரவரியில் கூகுளும் ஆம்ஸ்டர்டாம் கணித ஆய்வு நிலையமும் சேர்ந்து ஷா-1 முறையில் அதையே செய்து, ஒரே ஹாஷ் கொண்ட இரு வேறு ஆவணங்களை வெளியிட்டனர். மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதை ஏதுப்போலிகளை வகுக்குமிடத்தில், மெய்ப்பிக்க வேண்டியது உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் ஒருங்கே காணப்படும் ஏதுவை அநைகாந்திகம் என்கிறது. எம்டி5, ஷா-1 ஆகியவற்றுக்கு நேர்ந்தது அதுதான்: ஒற்றுமைக்கு ஏதுவாக நின்ற குறி, ஒற்றுமை இல்லாத இடத்திலும் தோன்றிவிட்டது. கணினியியலார் அத்தோடு ஹாஷையே கைவிடவில்லை. உடனிகழ்ச்சி முறியாத வேறு முறைக்கு மாறினர். எந்தக் குறியும் முடிந்த முடிபன்று, சோதனைக்கு உட்பட்டது என்ற அடக்கம் இவ்வறிவியலில் உண்டு. அலுவலகப் பதிவேடுகளைப் பற்றிப் பேசும்போது இவ்வடக்கம் நினைவில் இருக்கத் தக்கது.

உரை அளவை

சித்தாந்திகள் காட்சி, கருதல், உரை என மூன்று அளவைகளைக் கொள்கின்றனர். மூன்றாவதான உரை, நம்பத் தக்கார் வாய்ச்சொல். மென்பொருள் உலகில் இதற்கு நிகரானது எண்மக் கையொப்பம்: பொதியை வெளியிடுபவர், தமக்கு மட்டும் தெரிந்த இரகசிய எண்ணால் அதன் ஹாஷுக்கு ஒப்பமிடுகிறார், அவருடைய பொது எண்ணை அறிந்த எவரும் ஒப்பத்தைச் சரிபார்க்கலாம். ஹாஷ் 'இது மாறவில்லை' என்கிறது, ஒப்பம் 'இது இன்னாரிடமிருந்து வந்தது' என்கிறது. அந்த இன்னார் நம்பத் தக்கவரா என்பதை இரண்டும் சொல்லா.

2024 மார்ச் 29 அன்று வெளியான செய்தி இதனைக் கண்ணெதிரே நிறுத்தியது. லினக்ஸ் கணினிகளில் பரவலாக உள்ள எக்ஸ்ஸெட் என்னும் சுருக்கு நிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில், பிறர் கணினிக்குள் நுழைவதற்கான திருட்டு வழி ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. அப்பொதிகள் வழியில் மாற்றப்பட்டவை அல்ல, நிரலின் பொறுப்பாளரே வெளியிட்டவை. ஆகவே ஹாஷைச் சரிபார்த்தவர்களுக்கும் எல்லாம் சரியாகவே இருந்தது. எல்லோரும் காணும் நிரல் வரலாற்றில் இல்லாத ஒரு கோப்பு வெளியீட்டுப் பொதியில் மட்டும் சேர்க்கப்பட்டிருந்தது. தொலைக் கணினியில் உள்நுழைய வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை விநாடி கூடுதலாவதைக் கவனித்து, காரணம் தேடிச் சென்ற அன்ட்ரெஸ் ஃப்ராய்ன்ட் என்னும் பொறியாளரே அதைக் கண்டுபிடித்தார். ஜியா டான் என்ற பெயரில் இரண்டாண்டுகளுக்கு மேல் நற்பணி செய்து நம்பிக்கை பெற்று, பொறுப்பாளராகவே உயர்ந்தவர் அக்கோப்பைச் சேர்த்தவர். அப்பெயருக்குப் பின்னால் இருந்த ஆள் யார் என்பது வெளிப்படவில்லை.

உள்ளடக்கத்தை ஒரு பொருட்டாகக் கொள்ளாமல் வழிவழி வந்த தொடர்ச்சியையே அடையாளமாகக் கொள்ளும் மரபும் ஊவா மாகாணத்திலேயே உண்டு. மொனராகலை மாவட்டத்துக் கதிர்காமத்தில் கருவறை திரையால் மறைக்கப்பட்டுள்ளது. ஆடித் திருவிழாவில் யானைமேல் எடுத்துச் செல்லப்படும் பேழைக்குள் யந்திரம் இருப்பதாக நம்பப்படுகிறது. அதைத் திறந்து பார்க்க வேண்டும் என்று தோட்டங்களிலிருந்து செல்லும் அடியவர் எவரும் கேட்பதில்லை. பேழையின் பெருமை, இன்ன கோயிலிலிருந்து இன்ன பூசகர் கையால் ஆண்டுதோறும் எழுந்தருள்வதில் உள்ளது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் மூலக் கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துவந்து புதுக் கோயில் எழுப்புவோரும், அம்மண்ணின் பண்பை ஆராய்வதில்லை. எங்கிருந்து எடுத்தது என்பதே தெய்வம் அதுவே என்பதற்குச் சான்றாகிறது. ஹாஷ் வரலாற்றை விட்டு உள்ளடக்கத்தைப் பற்றுகிறது. இம்மரபு உள்ளடக்கத்தை விட்டு வரலாற்றைப் பற்றுகிறது. இரண்டும் தத்தம் இடத்தில் பொருந்துவன.

பெயரும் ஆளும்

ஊவாத் தோட்டங்களின் வரலாற்றில் ஆளை அடையாளப்படுத்தும் முறைகள் ஆளின் நலனுக்காகத் தொடங்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளிக்கு எண் பொறித்த தகரத் துண்டு கொடுக்கும் டின் டிக்கெட் முறை நடைமுறையில் இருந்தது; அது எந்தத் தோட்டத்துக்குரிய ஆள், வழிச்செலவை எந்தத் தோட்டம் ஏற்க வேண்டும் என்று காட்டியது. தோட்டம் விட்டுத் தோட்டம் மாறுவோரின் கடனைக் குறித்த துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. விடியலில் பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு, செக்ரோல் என்னும் வேலைப் பதிவேட்டில் முழு நாள் வேலைக்கு முழுப் பேரும் அரை நாளுக்கு அரைப் பேரும் போடும் வழக்கம் அதன்பின்னும் தொடர்ந்தது.

அந்தப் பெயர் பல கைகள் மாறிப் போனது. முத்துலெட்சுமி என்று லயத்தில் அழைக்கப்பட்ட பெண்ணின் பெயரைக் கணக்கப்பிள்ளை தம் காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் செக்ரோலில் எழுதினார். பிறப்புப் பதிவாளர் சிங்களத்தில் எழுதினார். அங்கிருந்து தமிழுக்குத் திரும்பி வந்தபோது அது முத்துலெச்சுமி, முத்துலக்ஷ்மி, முத்துலட்சுமி என்று ஆகியிருந்தது. பக்கத்துக் காம்பராவில் இருப்பவருக்கு இவை நான்கும் ஒருவரே. அடையாள அட்டையில் ஒரு விதமும், ஊழியர் சேமலாப நிதிப் பதிவில் மற்றொரு விதமும் இருந்தால், அலுவலகத்துக்கு அவர்கள் இரண்டு பேர்; தாம் உழைத்துச் சேர்த்த பணத்தைப் பெற, இன்னாரும் இன்னாரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்துக்கொண்டு வர வேண்டும். திரையில் ஒன்றாகத் தோன்றும் 'ஸ்ரீ' ஹாஷில் இரண்டாவதைப் போன்றதே இது. ஆனால் அங்கே அக்கண்டிப்பால் எவருக்கும் இழப்பில்லை.

பிரஜாவுரிமையில் பதிவேட்டின் இக்கண்டிப்பு உச்சத்தை எட்டியது. 1947 பொதுத் தேர்தலில் பதுளை உட்பட 7 தொகுதிகளில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் வென்ற மறு ஆண்டில் இயற்றப்பட்ட 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்திருப்பதை மட்டும் போதியதாகக் கொள்ளாமல், தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது. கிட் கருவியில் ஒவ்வொரு பதிப்பின் ஹாஷும் தன் முந்தைய பதிப்பின் ஹாஷை உள்ளடக்கியே கணிக்கப்படுவதால், உள்ளடக்கம் ஒன்றாயினும் மூதாதை வேறானால் பதிப்பும் வேறாகிறது. சட்டம் ஏறக்குறைய அவ்வகைச் சங்கிலியை மனிதரிடம் கேட்டது. கிராமத்துச் சிங்களவரிடமும் பாட்டனின் பிறப்புச் சான்றிதழ் பெரும்பாலும் இல்லை. ஆயினும் அவர் நடைமுறையில் பிரஜையாகவே கருதப்பட்டார், சங்கிலியைக் காட்ட வேண்டியவர் தோட்டத் தமிழரே. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம், 1946 ஜனவரி 1க்கு முன் மணமானோர் 7 ஆண்டுகளும் மணமாகாதோர் 10 ஆண்டுகளும் இடையறாது வசித்ததை மெய்ப்பித்துப் பதிவுபெற வழிசெய்தது. அதன்கீழ் விண்ணப்பித்த சுமார் 8,25,000 பேரில் ஏறத்தாழ 1,34,000 பேருக்கே பிரஜாவுரிமை கிடைத்தது. 1964 ஒக்டோபர் 30 அன்று கையொப்பமான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை எண்ணிக்கையாக வைத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சியோர் பிறகு என்று பிரித்தது. இறுதிவரை எஞ்சி நின்ற நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் 35ஆம் இலக்கச் சட்டம் 2003இல் வந்தது. எக்ஸ்ஸெட் நிகழ்வில் எல்லோரும் ஏற்ற பெயர் ஒன்று இருந்தது, அதற்குரிய ஆள் தெரியவில்லை. ஊவாத் தோட்டங்களில் எல்லோரும் அறிந்த ஆள் இருந்தார், ஏற்கப்பட்ட பெயர் இல்லை.

மெய்ப்பிக்கும் கடன்

தத்துவ வழக்கை மீண்டும் எடுத்துக்கொண்டால், மென்பொருள் கோப்புக்குப் பௌத்தரின் கணபங்கக் கொள்கை தடையின்றிப் பொருந்துகிறது. திருத்தப்பட்ட கோப்பு பழைய கோப்பன்று. ஒவ்வொரு பதிப்பும் புதிது. பதிப்புகளை இணைப்பது காரண காரியத் தொடர்ச்சியேயன்றி, உள்ளே நிலைத்த ஆன்மா அன்று. கோப்புக்கு நினைவோ உரிமையோ வேதனையோ இல்லை. ஆகவே முழு ஒற்றுமையை மட்டும் ஒருமையாகக் கொள்ளும் ஹாஷின் கண்டிப்பு அதற்கு நீதியே.

மனிதரிடத்தில் நிலை வேறு. சித்தாந்தி உடலும் பெயரும் மாறினும் நினைவுகொள்ளும் உயிர் ஒன்றே என்பார். பௌத்தர் நிலைத்த உயிரை மறுப்பார். ஆயினும் மிலிந்த மன்னனுக்குப் பௌத்தத் துறவி நாகசேனர் சொன்ன விடையில், முதல் யாமத்து விளக்குச் சுடரும் கடை யாமத்துச் சுடரும் ஒன்றுமல்ல வேறுமல்ல, ஒன்றைப் பற்றி ஒன்று எரிந்து இரவெல்லாம் ஒரே விளக்காக நிற்கின்றன. மாம்பழத்தைத் திருடியவன், உடையவன் நட்ட மாங்கொட்டை வேறு, தான் எடுத்த பழம் வேறு என்று சொல்லித் தப்ப முடியாது என்றும் அவர் காட்டுகிறார். நிலைத்த ஆன்மாவை ஏற்பவரும் மறுப்பவரும், ஆளின் ஒருமைக்கு அச்சொத்த தோற்றத்தை நிபந்தனையாக்கவில்லை. ஒருவர் தொடர்ச்சியான உயிரையும் மற்றவர் தொடர்ச்சியான காரணத்தையும் போதுமென்றனர். எழுத்துக்கு எழுத்து ஒத்தாலன்றி ஆள் ஒருவரல்ல என்ற கொள்கைக்கு ஊவாவில் வாழும் சமய மரபு இரண்டிலும் ஆதாரமில்லை. அது பதிவேட்டின் கொள்கை.

இந்திய அரசின் நிதியுதவியுடன் இலங்கை முன்னெடுக்கும் தனித்துவ எண்மிய அடையாளத் திட்டம், கைரேகை, கருவிழி முதலிய உடற்குறிகளைப் பெயருக்குத் துணையாக வைக்கிறது. உடற்குறியை ஹாஷால் ஒப்பிட இயலாது என்பது இங்கே குறிக்கத் தக்கது. ஒரே விரலை இருமுறை பதித்தாலும் அழுத்தமும் ஈரமும் கோணமும் மாறுவதால் பிட்டுகள் ஒருபோதும் ஒத்துவருவதில்லை. ஆகவே கருவி 'இந்த அளவு ஒத்தால் போதும்' என்று ஓர் எல்லை வகுத்துக்கொண்டே தீர்ப்பளிக்கிறது. நெடுங்காலம் கையால் உழைத்துத் தேய்ந்த விரலுக்கு அவ்வெல்லை எங்கே வகுக்கப்படும் என்பது கருவி தானே முடிவுசெய்யும் செய்தியன்று, அதை வைத்திருப்போர் முடிவுசெய்வது.

இரு துறைகளும் உண்மையில் பிரியும் இடம் மெய்ப்பிக்கும் கடன் யார்மேல் விழுகிறது என்பதாகும். திறந்த மூல உலகில் பொதியைத் தருபவர் ஹாஷையும் ஒப்பத்தையும் சேர்த்துத் தர வேண்டும், பெறுபவர் சரிபார்ப்பார். ஒவ்வாவிட்டால் குற்றம் தருபவர் பக்கம். தோட்டங்களில் பெயரை எழுதியவர் கணக்கப்பிள்ளையும் பதிவாளரும், பதிவேட்டை வைத்திருந்தது தோட்டமும் அரசும். அவர்கள் எழுத்தில் விளைந்த வேறுபாட்டை விளக்கும் கடன் எழுத வாய்ப்பே இல்லாதிருந்தவர்மேல் விழுந்தது. கிட் கருவியில் ஒரு பதிப்பைத் திருத்தினால் பழையது அழிவதில்லை, புதியது பழையதைச் சுட்டிக்கொண்டே பிறக்கிறது. பதிவேடுகளும் அவ்வாறு, நான்கு விதமாக எழுதப்பட்ட பெயரும் ஒருவரையே சுட்டுவதைத் தம் செலவிலேயே பதிந்துகொண்டால், ஊழியர் சேமலாப நிதியைக் கோரும் மூதாட்டி சத்தியக் கடதாசிக்காகப் பதுளைக்குப் பேருந்து ஏற வேண்டியதில்லை. கோப்பு தன்னை மெய்ப்பித்துக்கொள்ள வேண்டும் என்று எவரும் கேட்பதில்லை, அதை வெளியிட்டவரைத்தான் கேட்கிறார்கள். ஆளின் பெயரைப் பற்றிய கேள்வியும் அதை எழுதி வைத்தவரிடம் கேட்கப்பட வேண்டியதே.